நாலாவது பட்டை

மார்ச் 3

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே கிழித்துப் போட்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். படிக்கிறாய் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். நாம் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மா போன அன்று பேசியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதெல்லாம் ஒரு பேச்சா?

போன வெள்ளிக்கிழமையோடு அனுமதி அலுவலகத்தில் என் வேலை முடிந்தது. அறுபது வயசாகிவிட்டது, நம்புகிறாயா? அணுமின் நிலையம் கட்ட வருகிறவர்களின் கோப்புகளைப் படித்துப் படித்துக் கண்ணாடி நம்பர் ஏறியதுதான் மிச்சம். மேசையைக் காலி செய்தபோது அடி இழுப்பறையில் ஒரு மடிப்புத் தாள் கிடைத்தது. நீராவிக் கலன் செய்யும் நம் தொழிற்சாலையின் குடும்ப நாளில், வாசலில் வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார்களே, அதேதான். இருபத்தேழு வருஷமாகிறது. நடுப்பக்கத்தில் சோதனைக் கொட்டகையில் நாம் இருவரும் நிற்கிறோம். நான் கையில் சாக்பீஸோடு ஈ என்று பல்லைக் காட்டுகிறேன். நீ அம்மாவின் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, படம் எடுப்பவரை முறைக்கிறாய்.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கொட்டகையின் ஈரத் தரை, தகரக் கூரையில் எதிரொலிக்கும் தண்ணீர்ச் சத்தம், பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும் என்பது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. நாம் கத்திக் கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் அப்படியே பேசி, அப்பா கதவைச் சாத்திக்கொள்வார். உன்னைப் "பூட்டு" என்றும் என்னை "ஓட்டைவாய்" என்றும் கொட்டகையில் கூப்பிட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்ததுகளா இதுங்க என்று மேஸ்திரி கேட்பார். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஒரு பிரதியை நீ சட்டம் போட்டு வைத்திருந்தாய். இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு முறை எடுத்துப் பார். நம்மைப் பார்க்காதே. நமக்குப் பின்னால் இருக்கும் கரும்பலகையைப் பார். லென்ஸ் வைத்துப் பார்.

தம்பி

---

மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், நீ கேட்கவில்லை என்றாலும்.

இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி நான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் வயசு முடிந்த பிறகும் ரெண்டு வருஷம் என்னை வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷம் வாயைத் திறக்காதவன் சரியாக இந்த மாதம் பார்த்து "தொண்டை அடைக்கிறது" என்று எழுதுகிறான். என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா? யார் எழுதச் சொன்னது, உன் பழைய அலுவலகமா?

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். கோப்பு ரெண்டு பிரதியாகப் போகும். முழுசாக ஒன்று அனுமதி அலுவலகத்துக்கு. பொது வாசிப்பு அறைக்குப் போகிற இன்னொன்றில், நம் கம்பெனிக்கு மட்டும் தெரிந்த அளவுகள் எல்லாம் வெறும் அடைப்புக்குறியாக இருக்கும். எதை அடைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் நான். எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறவளும் நான்தான். இந்த அளவை நாங்கள் ரகசியமாக வைத்திருக்கிறோம், இது வெளியில் எங்கும் வந்ததில்லை, இதைக் கண்டுபிடிக்க நெடுநாள் பாடுபட்டோம், வெளியே போனால் போட்டியாளர் பலனடைவார். இந்த நாலையும் மூன்று முறை சத்தியம் செய்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷ வேலையில் ஒரு அடைப்புக்குறி தவறியதில்லை. அது என் பெயர். அடிமடியிலேயே கை வைக்காதே.

நீ வேலையை விட்டதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? சாப்பாட்டு அறையில், எதிரே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட். "உங்க தம்பி அனுமதி ஆபீசுக்குப் போறாராமே" என்றாள். வாயில் வைத்த சோற்றோடு "ஆமா, தெரியும்" என்றேன். அந்தப் பொய்யை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

படம் அலமாரியின் மேலே, பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. எடுக்கப் போவதில்லை. இது பற்றி இனிமேல் எழுதாதே.

அக்கா

---

மார்ச் 14

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். சின்ன வயசிலிருந்து நீ சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

முதலில் ஒன்று. என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. உன் கம்பெனிக் கோப்பை இந்தப் பதினோரு வருஷத்தில் என் கண்ணிலேயே காட்டவில்லை. அக்கா வேலை பார்க்கிற இடம், தம்பி வேலை பார்த்த இடம் என்று அந்த அலமாரிச் சாவியே வேறு ஆளிடம். மற்றவர்களுடைய கோப்புகள்தான் எனக்கு.

இனி எழுதுவதை மென்று முழுங்கித்தான் எழுத வேண்டும், அங்கேயும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஊர், பேர் எதுவும் கேட்காதே. வேறொரு வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரப் போகிறது. மருந்து உன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்கு அந்த மருந்தின் பெயர் தெரியும். சொல்ல முடியாது, உன் கம்பெனியை விட்டு வரும்போது எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீராவிக் கலனில் ஆயிரக்கணக்கான குழாய்கள். அவற்றைத் தாங்கும் பட்டைகளை எல்லோரும் சம இடைவெளியில்தான் வைப்பார்கள். சமமாக வைத்தால் தண்ணீர் ஓடுகிற வேகத்தில் குழாய்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் அதிரும், பட்டையில் உரசும், சுவர் தேயும். தேய்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதிர்வீச்சுள்ள தண்ணீருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சுவர்தான்.

எங்கள் அலுவலகத்தில் கேள்வி கேட்கலாம், கேள்விக்குள் பதில் இருக்கக் கூடாது. அதுதான் சட்டம். அனுமதி கேட்டு வந்த அந்தக் கம்பெனியிடம் எட்டு முறை கேட்டேன். அதிர்வைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்டேன். இடைவெளி ஏன் சமம் என்று கேட்டேன். சுற்றி வளைத்து எப்படியெல்லாமோ கேட்டேன். எட்டு முறையும் ஒரே பொறியாளர், ஒரே சாய்ந்த கையெழுத்து: "கணக்குப்படி போதுமானது." கணக்குப்படி போதுமானதுதான். நம் கணக்கிலும் போதுமானதாகத்தானே இருந்தது, கொட்டகை அதிரும் வரை? வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கு அனுமதி மறுக்க முடியாது. வருகிற ஜூலையில் அந்தக் கோப்பு மேலே போகும். எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்தவருக்கு ஒன்பதாவது முறை கேட்கத் தோன்றாது.

என்னை ஓட்டைவாய் என்று சிரித்தார்கள். பதினோரு வருஷம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை அக்கா. என் மனைவிக்குக் கூடத் தெரியாது. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு எட்டு முறை கேள்வி கேட்பது எப்படி இருக்கும் என்று உனக்குப் புரியுமா?

அந்த அளவு, நாலாவது பட்டையின் [          ], கரும்பலகையில் என் கையால் எழுதியது, படத்தில் தெரிகிறது. அப்போது அது ரகசியமே இல்லை, வேடிக்கை. மூன்று வருஷம் கழித்துத்தானே கம்பெனி அதற்குப் பூட்டுப் போட்டது? அந்த மடிப்புத் தாள் பொது நூலகத்தின் பழைய தாள்கள் அடுக்கிலும் ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டேன்.

நானே ஒரு சாதாரண மனிதனாக இதை அனுமதி அலுவலகத்துக்கு எழுதலாம். எழுதினால் உன் மூன்று சத்தியமும் பொய் என்று ஆகும், அதுவும் உன் தம்பி வாயால். அது என்னால் ஆகாது. நீயே சொல்ல வேண்டும், சொன்னால் அடைப்புக்குறி போய், பொது வாசிப்பு அறையில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சொல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று என்னிடம் கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

தம்பி

---

மார்ச் 20

ஓட்டைவாய்க்கு,

படத்தை எடுத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன், முழங்கால் இன்னும் வலிக்கிறது, அந்தப் பாவமும் உனக்கே.

லென்ஸ் தேவைப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்ததும் தெரிந்தது.  இத்தனை வருஷம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன், வருகிறவர்களுக்கு எல்லாம் "நானும் என் தம்பியும்" என்று காட்டியிருக்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்தான் கழற்றினேன். காகிதத்தில் இருக்கும் ஒவ்வொரு இலக்கத்தையும் அடைக்கிறவள், உன் பல்லையும் என் முறைப்பையும் பார்த்தேனே தவிர பலகையைப் பார்க்கவே இல்லை.

நடந்ததை உனக்கு எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு நம்ப முடிகிறது. மூன்று பட்டைகளை எஃகு டேப்பால் அளந்து வைத்தோம். நீ அதைத் தண்ணீர்க் குழியில் போட்டாய். "நான் போடல, அதுவா விழுந்துச்சு" என்றாய். நான் கைப்பையிலிருந்து அம்மாவின் இஞ்ச் டேப்பை எடுத்தேன், ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வாங்கி வந்தது. நாலாவது பட்டையை அதால் அளந்தேன். அம்மா அந்த டேப்பின் முனை நைந்துவிட்டது என்று என்றைக்கோ கத்தரித்துவிட்டிருந்தார். முன்பக்கம் [          ] இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தண்ணீரைத் திறந்தோம். எப்போதும் கொட்டகையே நடுங்கும், அன்று சத்தமே இல்லை. நீ என் காதில் வழக்கம் போலக் கத்தினாய், "அக்கா, மோட்டார் ஓடுதா?" அந்த அமைதியில் உன் குரல் மட்டும் கூரையில் மோதியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதைத்தான் "நெடுநாள் பாடுபட்டுக் கண்டுபிடித்தோம்" என்று மூன்று முறை சத்தியம் செய்திருக்கிறேன். பிறகு ரெண்டு வருஷம் விதவிதமாக ஓட்டிப் பார்த்தோம் என்பது உண்மைதான். ஆனால் கண்டுபிடித்தது அம்மாவின் கத்தரிக்கோல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்க மாட்டேன். நீ வேலையை விட்ட கடைசி நாள், வாசலில் உன் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன், நீயும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். சோதிக்கச் சொன்னது மேலாளர் இல்லை. நான்தான். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோபம். என்னிடம் சொல்லாமல் போகிறாயே என்ற கோபம். முப்பத்தொன்றுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறதுடா.

அக்கா

---

மார்ச் 24

அக்கா,

எனக்கு அன்றைக்கே தெரியும். காவலர் பையைக் கொட்டிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மேல இருந்து அம்மா சொன்னாங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். உன்னைத் தவிர அங்கே வேறு யாரை "அம்மா" என்பார்கள்?

பையில் என்ன இருந்தது என்று நீ கேட்டதே இல்லை. டிபன் பாக்ஸ், குடை, ஒரு பழைய ஸ்வெட்டர், அம்மாவின் இஞ்ச் டேப். காவலர் குடையை விரித்துப் பார்த்தார், ஸ்வெட்டரை உதறினார், டிபன் பாக்ஸை மோந்து கூடப் பார்த்தார். டேப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, "வீட்டு சாமானா?" என்றார். "எங்கம்மாவோடது" என்றேன். சுருட்டி அவரே பையில் வைத்தார். உங்கள் கம்பெனியின் பெரிய ரகசியம் வாசல் வழியாக அவர் கையாலேயே வெளியே போனது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன்.

உன்னிடம் சொல்லாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். "போகாதே" என்று நீ சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என் தப்பு.

டேப்பை இத்துடன் அனுப்புகிறேன். திருப்பித் தர வேண்டியது பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கிறது. முப்பத்தொன்று பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

தம்பி

---

ஏப்ரல் 2

தம்பிக்கு,

டேப் வந்தது. அன்றைக்கு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

கூட்ட அறையில் மேலாளரும் கம்பெனி வக்கீலும் இருந்தார்கள். பத்திரம் தயாராக மேசையில், பேனா மூடி திறந்து வைத்திருந்தது. பக்கத்து அறையில் எனக்கு வழியனுப்பு விழாவுக்கு நாற்காலி போடுகிற சத்தம். நான் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன், மடிப்புத் தாளைப் பற்றியும் சொன்னேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"மேடம், இது யார் கண்ணுலயும் படல. இருபத்தேழு வருஷமா படல. இனிமேலும் படாது" என்றார்.

"என் கண்ணுல பட்டுடுச்சே" என்றேன்.

"நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

"அதைத்தானே சத்தியம்னு சொல்றோம்?"

 மேலாளர் நல்ல மனிதர்தான், அவருக்கும் தலைக்கு மேல் ஆள் இருக்கிறார்கள். கடைசியில், "மூணு தடவை போட்டிருக்கீங்க. இப்ப மாத்தினா அந்த மூணுக்கும் உங்களைத்தான் கேப்பாங்க, கம்பெனியை இல்ல" என்றார். மிரட்டவில்லை, உண்மையைச் சொன்னார்.  கைப்பைக்குள் கையை விட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டேன்.

பத்திரத்தை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாள் கேட்டேன். கையாலேயே எழுதினேன். இந்த அளவு இருபத்தேழு வருஷத்துக்கு முன்பே பொதுவில் வந்துவிட்டது, இத்தனை நாள் அது என் கண்ணில் படாதது என் பிழை, ரகசியம் என்ற கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், மூன்று உறுதிமொழிகளையும் இதைக் கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். இணைப்பு ஒன்று, புகைப்படம். வக்கீல் பலகை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி இணைக்கலாம் என்றார். மாட்டேன் என்றேன். வெட்டினால் எங்கே எடுத்தது, யார் எழுதியது என்று எப்படித் தெரியும்?

நாற்காலிகளை மறுபடி அடுக்கிவிட்டார்கள். சாவிக்கொத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். முப்பத்தெட்டு வருஷச் சாவிகள், மேசையில் வைத்தபோது பெரிய சத்தம். அனுமதி அலுவலகம் விசாரணைக்குக் கூப்பிடும் என்கிறார்கள். கூப்பிடட்டும். தெரியாமல் செய்தது மூன்று. தெரிந்தே செய்ய இருந்தது ஒன்று, அதைச் செய்யவில்லை. அவ்வளவுதான் என்னிடம் இருக்கும் பதில்.

சட்டம் காலியாக இருக்கிறது. சுவரில் ஆணி இன்னும் இருக்கிறது.

அக்கா

---

மே 21

அக்காவுக்கு,

நேற்றுப் பொது வாசிப்பு அறைக்குப் போனேன். பதினோரு வருஷம் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தவன், கீழே அந்த அறைக்குள் ஒரு நாள் கூட நுழைந்ததில்லை. நீள மேசை, வரிசையாக விளக்குகள், மூச்சு விட்டால் கேட்கும் அமைதி. வரிசையில் நின்று, சீட்டில் உங்கள் கோப்பு எண்ணை எழுதிக் கொடுத்தேன். "தொழில்?" என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பி என்று எழுதலாமா என்று யோசித்து, ஓய்வு என்று எழுதினேன்.

வாசகர் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் வரிக்கு மேல் வரியில் அதே கோப்பு எண். பக்கத்தில் ஒரு சாய்ந்த கையெழுத்து. எட்டுப் பதில்களின் அடியில் பார்த்துப் பார்த்து எனக்குப் பாடமாகிப் போன கையெழுத்து. ரகசியம் நீங்கிய அறிவிப்பைப் பார்த்திருக்க வேண்டும், மூன்று நாளைக்கு முந்தைய தேதி, காலை வந்து மூடும் வரை இருந்திருக்கிறார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நூலகர் அம்மாள், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பக்கத்தைத் திருப்பினேன். நாலாவது பட்டை, சம இடைவெளியிலிருந்து 3.4 சென்டிமீட்டர் கீழே. அடைப்புக்குறி இல்லை. அடுத்த பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரு தாள், அதன் பின்னால் நாம். இனி யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிக் கொடுத்து நம்மைப் பார்க்கலாம். நூலகர் அம்மாள் எட்டிப் பார்த்து, "டேப்பைக் கழுத்துல போட்டிருக்காங்களே, யாரு சார் இவங்க?" என்றார்கள்.

"எங்கக்கா" என்றேன். அப்புறம் வாய் நிற்கவில்லை. எஃகு டேப் குழியில் விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, கொட்டகை அமைதியானது, நான் கத்தியது, 3.4, அம்மாவின் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருஷப் பாக்கி. அந்த அறையில் பேசக் கூடாது என்று பலகையே மாட்டியிருக்கிறது, அவர்களே அதை மறந்துவிட்டார்கள்.

உன் விசாரணை இருபத்தொன்பதாம் தேதி என்று தெரியும். உள்ளே என்னை விட மாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், நீ விரட்டினாலும் போக மாட்டேன். அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை மதிய ரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன். அந்த ஆணிக்கு இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறாதே, நான் வந்து மாட்டுகிறேன். வாசலில் என் பையைச் சோதிக்க விரும்பினால் சோதித்துக்கொள்.

ஓட்டைவாய்